நித்திரை கொள்ளப் போனவள்

சென்ட் லோரன்ட்
2024 பெப்ரவரி 6

அன்புள்ள நிரா,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். உமது போனை நிறுத்தி வைக்கச் சொல்லி டொக்டர் சொன்னதால், உம்மைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, உமது பாலைப் போத்தலில் இங்கே கொண்டு வரும் றீற்றா அக்காவிடமே இதைக் கொடுத்துவிடுகிறேன். கல்யாணம் கட்டிய பிறகு நான் உமக்கு எழுதும் முதல் கடிதம் இது.

லியா சுகம். தகப்பன்மாருக்கான லீவை எடுத்துவிட்டேன். குளிக்க வார்த்து, பால் கொடுத்து, முதுகில் தட்டி ஏவறை எடுத்து, படுக்கப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மறுபடியும் அவளுக்குப் பசி. இத்தனை கிழமையும் இதை நீர் ஒருத்தியாகவா செய்தீர்?

ஒன்று கேட்க வேண்டும். அன்று கிளினிக்கில் டொக்டர் கேட்டதை உமக்குத் தமிழில் சொன்னேன். “பிள்ளை நித்திரை கொள்ளேக்க நீரும் கொள்ளுறீரோ எண்டு கேக்கிறா.” நீர் என்னைப் பார்க்கவில்லை. நேரே அவரைப் பார்த்து, வகுப்பில் படித்த பிரெஞ்சில் நீரே பதில் சொன்னீர். பிள்ளை தூங்கினாலும் நான் விழித்துத்தான் கிடக்கிறேன், நான் இல்லாமல் போய் இவளுக்கு வேறு அம்மா கிடைத்தால் நல்லது என்று. ஒரு சொல்லிலும் பிழையில்லை. பக்கத்தில் நான் இருந்தேனே, நிரா. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

உமது,
ஜெனாட்

கர்க்லாண்ட்
2024 பெப்ரவரி 14

அன்புள்ள ஜெனாட்,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் கோபிக்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் வசனம் நினைவில் நிற்கவில்லை.

தமிழில் எல்லாரிடமும் “ஓம், சுகமா இருக்கிறன்” என்று சொல்லிச் சொல்லி வாய்க்கு அதுவே பழகிவிட்டது. பிரெஞ்சில் எனக்கு மறைத்துக் கதைக்கத் தெரியாது. தெரிந்த சில சொற்களில் உண்மை மட்டும்தான் அடங்கியது. இன்னொன்றும் உண்டு. நான் தமிழில் சொல்லியிருந்தால், அதை நீங்கள் உங்கள் வாயால் டொக்டருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இங்கே வந்த முதல் நாட்களில் கண் மூடினாலும் காது மூடவில்லை. ஒவ்வொரு சத்தமும் பிள்ளையின் அழுகையாகக் கேட்டது. றீற்றா மச்சாள் வந்து, “ஒண்டுக்கும் எழும்பாதையும். பிள்ளை இஞ்சை இல்லை, அங்கை தேப்பனோட இருக்குது” என்று சொல்லிக் கதவைச் சாத்துவா. நேற்று மத்தியானம் படுத்தேன். கண் திறந்தபோது யன்னலில் இருட்டிவிட்டது. இடையில் ஒன்றுமே நடக்கவில்லை, ஜெனாட்! கனவுகூட இல்லை. என்னை யாரோ முழுதாக இறக்கி வைத்துவிட்டுத் திரும்பவும் தூக்கித் தந்ததுபோல இருந்தது.

கீழே போனேன். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசம்! லியா பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வாசமும் வந்ததில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வாயில் ஒரு கரண்டி வைத்ததும் அழுதுவிட்டேன். மச்சாள் பதறிப்போய், “உறைச்சுப் போச்சோ?” என்றா.

ஆனால் உங்களிடம் இனி மறைக்க மாட்டேன். பிள்ளையை நினைத்தால் இன்னும் பயம் மட்டும்தான் வருகிறது. வேறொன்றும் வரவில்லை. இப்படிப்பட்டவளுக்காக எத்தனை நாள் காத்திருப்பீர்கள்?

நிரஞ்சனி

சென்ட் லோரன்ட்
2024 பெப்ரவரி 22

அன்புள்ள நிரா,

உமது கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். கதிரையில் இருக்கத் தோன்றவில்லை.

நேற்று அம்மா மன்னாரிலிருந்து போன் எடுத்தா. “பால் குடிக்கிற பிள்ளையை விட்டிட்டு அவ எங்கை போனவ?” என்று கேட்டா. “நித்திரை கொள்ளப் போனவ” என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் அம்மா மெதுவாகச் சொன்னா: “உன்னைப் பெத்த பிறகு நானும் கண் மூடாமல்தான் கிடந்தன். கிணத்தடிக்குப் போகப் பயம். ஆரும் ஒண்டும் கேக்கேல்லை. நல்ல வேலை செய்தனீ, அவளைப் படுக்க விடு.”

போனை வைத்த பிறகு லியாவுக்குப் பால் கொடுத்தபடி யோசித்தேன். இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டா அம்மா எனக்குச் சோறு தீத்தினா, பள்ளிக்கூடம் அனுப்பினா, என்னைப் பிளேன் ஏற்றினா? பெண்களாகிய நீங்கள் எதையெல்லாம் தாண்டி எங்களிடம் வருகிறீர்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

எத்தனை நாளானாலும் காத்திருப்பேன். ஞாயிறு பூசை முடிந்து லியாவைக் கொண்டு வருகிறேன். நீர் தூக்க வேண்டும் என்றில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலும் போதும்.

உமது,
ஜெனாட்

கர்க்லாண்ட்
2024 பெப்ரவரி 26

என் ஜெனாட்,

நேற்று நீங்கள் போன பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நீங்கள் அவளை என் மடியில் வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நீங்களும் மச்சாளும் என் முகத்தைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். லியா கொட்டாவி விட்டாள். எனக்கும் கொட்டாவி வந்தது. அவ்வளவுதான். அவள் என் கையிலேயே தூங்கிப்போனாள். இமைக்குள் கண் ஓடுவதையும், கனவில் வாய் பால் குடிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நித்திரை கொள்ள இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இந்தப் பெரிய அதிசயத்தை நான் இத்தனை நாளும் கடிகாரத்தைப் பார்த்தபடி தவறவிட்டிருக்கிறேன்.

பிறகு நீங்கள் அவளைப் பிள்ளைச் சீட்டில் கட்டிக் காரில் கொண்டு போனீர்கள். நான் கோப்பை கழுவப் போனேன். இடது கை ஒரு மாதிரி இருந்தது. நோவில்லை, விறைப்பில்லை. அவளுடைய பாரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஜெனாட், இதுவரை அவள் இல்லாத இடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நேற்றுத்தான் அவள் இல்லாதது எனக்குத் தெரிந்தது. நுரைக் கையோடு நின்று மச்சாளைக் கூப்பிட்டு, “எனக்குப் பிள்ளையைத் தேடுது” என்றேன். சொன்னபோதே என் குரலை நானே ஆச்சரியத்தோடு கேட்டேன்.

இன்று டொக்டரோடு கதைத்தேன். மருந்தை விடக் கூடாதாம், இன்னும் பல மாதம் பார்ப்பாவாம். மோசமான நாட்களும் வருமாம். வந்தால் தமிழிலேயே உங்களிடம் சொல்வேன். இரவுகள் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு உங்களுடையவை.

சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிப் போங்கள். லியாவையும் கொண்டு வாருங்கள். முன்சீட்டில் உங்கள் பக்கத்தில் இருக்கவில்லை என்று கோபிக்கக் கூடாது. நான் பின்னுக்கு, அவளோடு இருந்து வருவேன்.

உங்கள்,
நிரா