ஆற்றுக்கு அக்கரையில் உன்னைப் பார்த்தோம்

அன்புள்ள மகன் கார்ஸ்டனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, தங்கை, கொட்டிலில் உள்ள பன்றிகள் எல்லோரும் நலம், என் இடது இடுப்பு மட்டும் நலத்தை நோக்கி மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது. நீயும் நலமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். கையெழுத்து தங்கை கெர்டாவுடையது, பேச்சு என்னுடையது. அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து மல்லாந்தே கிடக்கிறேன், மல்லாந்து எழுதினால் பேனா எழுத மறுக்கிறது. உன்னைப் பேஸ்பால் பெரிய லீக்கிலிருந்து மறுபடியும் சின்ன லீக்குக்கே அனுப்பிவிட்டார்கள் என்று தானியக் கிடங்கிலிருந்து டுவேன் போன் பண்ணிச் சொன்னார். அம்மா உனக்குப் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தாள், நீ எடுக்கவில்லை. பேசப் பிடிக்காத நேரம் எல்லோருக்கும் உண்டு, அதற்காக உன்மேல் கோபமில்லை. ஆனால் ஒன்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பெரிய லீக்கில் பந்தெறிந்த அந்த ஒரே ஆட்டத்தை வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். பார்த்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீதான் முதலில் பந்தெறியப் போகிறாய் என்று தெரிந்ததும் எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. மைதானத்துக்கு வர டாக்டர் விடவில்லை, அரை நாள் காரில் உட்கார்ந்தால் புது இடுப்பு கழன்றுவிடும் என்றார். சரி, டிவியில் பார்க்கலாம் என்று அம்மா பணம் கட்டி அந்த இணையச் சந்தாவை வாங்கினாள். கெர்டா அதைத் திறந்தால் கறுப்புத் திரை, நடுவில் ஒரு வரி, உங்கள் பகுதியில் இந்த ஆட்டம் காட்டப்படாது என்று. உனக்கே தெரியும், நம் ஊரைச் சுற்றியுள்ள ஆறு அணிகளும், உன் அணியும் சேர்த்தி, நம் அயோவா மாநிலத்தைத் தங்கள் வீட்டு முற்றம் என்று பங்கு போட்டு வைத்திருக்கின்றன. முற்றத்தில் இருப்பவன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தால் மைதானத்துக்கு வரமாட்டானாம். அதோடு இந்தப் பகுதியில் காட்டும் உரிமையை ஒரு சேனலுக்கு விற்றுவிட்டார்கள், அந்தச் சேனலோ நம் ஊர்க் கேபிளில் வருவதில்லை. ஆக, நாம் அணியின் சொந்த ஊர்க்காரர்கள் என்று பெயர், ஆட்டம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அம்மா சந்தா விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான், உங்க ஊரு மைதானத்துக்குப் பக்கத்துல இருக்கறதா காட்டுதும்மா, நேர்லயே போய்ப் பார்த்துடலாமே என்றான். தம்பி, பந்து போடப் போறது நான் பெத்த புள்ள, அவங்கப்பா இங்க மரக்கட்டை மாதிரி படுத்துக் கிடக்காரு, நீ எந்த ஊருலேர்ந்து பேசுறே என்று அம்மா கேட்டாள். எங்கேயோ கடல் தாண்டி ஒரு ஊர்ப்பெயர் சொன்னான். அங்க இந்த ஆட்டம் தெரியுமா என்று கேட்டாள். இங்க தெரியும்மா, மன்னிச்சுக்கோங்க என்றானாம். உன் அம்மா லவோன் ஸ்கோவ் ஒரு மனிதனைத் திட்டாமல் போனை வைத்தது அன்றைக்குத்தான்.

ஆற்றைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவுக்குப் போனால் தெரியும் என்று கண்டுபிடித்துச் சொன்னது டுவேன். அந்தக் கரை உங்கள் அணியின் முற்றத்தில் சேர்த்தி இல்லை. பாலம் தாண்டும் தூரம் என்றால் படுத்தபடி வரலாம் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஞாயிறு சர்ச் முடிந்ததும் வேனில் பின்சீட்டைக் கழற்றி, பழைய கதவுப்பலகை ஒன்றின்மேல் மெத்தை போட்டு என்னை ஏற்றினார்கள், வயிற்றின்மேல் அம்மாவின் உருளைக்கிழங்கு சாலட். டுவேன் வாய் சும்மா இருக்குமா, சர்ச் வாசலில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார், எங்கள் வேனுக்குப் பின்னால் பார்த்தால் கல்யாண ஊர்வலம் மாதிரி பிக்கப் வண்டிகள். பாலத்தைத் தாண்டியதும் ஆற்றோரப் பூங்காவில் நிறுத்தினோம். அங்கேதான் பெரிய தப்பு. கெர்டா போனைத் திறந்தாள், அதே கறுப்புத் திரை. ஆறு தாண்டியது நாங்கள்தான், போன் இன்னும் நம் கரைக் கோபுரத்தின் சிக்னலையே பிடித்துக்கொண்டு நான் அயோவாவில் இருக்கிறேன் என்று சாதித்தது. டுவேன் இறங்கிவந்து, உங்க வீட்டுப் போனுக்கு ரொம்பத்தான் ஊர்ப்பற்று என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டம் ஆரம்பிக்கும் நேரம் நெருங்கிவிட்டது, உன்னை எத்தனை ஆட்டம் வைத்திருப்பார்களோ யாருக்குத் தெரியும், இதை விட்டால் இன்னொன்று கிடைக்காமலே போகலாம். மேற்கே ஓட்டு, நிக்காதே என்று அம்மாவிடம் கத்தினேன்.

கெர்டா போனைக் கையில் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து சத்தம் வந்ததே இல்லை, உனக்குத் தெரியும். பன்றிக்குத் தண்ணீர் காட்டுவதும் என் காயத்துக்குக் கட்டு மாற்றுவதும் எல்லாம் வாய் திறக்காமல்தான். ஆனால் அந்தச் சாலையில் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு வந்தன. இன்னும் வரல, இன்னும் வரல என்று முதலில் முணுமுணுத்தாள். எனக்கே கேக்கல, பின்னால வர்றவங்களுக்கு எப்படிடி கேக்கும் என்று அம்மா சொன்னாள். ஒரு மேடு ஏறி இறங்கினோம், இரண்டு பக்கமும் சோளம். திடீரென்று இவள் ஜன்னலில் பாதி உடம்பு வெளியே, வந்துடுச்சு, நிறுத்துங்க, எல்லாரும் நிறுத்துங்க, அண்ணன் தெரியுறான் என்று ஒரு கத்து கத்தினாள் பார், சோளத்திலிருந்து பறவைகள் எழும்பிப் போயின. இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது, அப்பா சொல்கிறேன் என்றேன். அவளைப் பற்றி எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததை அவளும் ஒரு தடவை தன் கையால் எழுதிப் பார்க்கட்டும்.

உள்ளங்கை அளவு போனைச் சுற்றி இருபது தலைகள், படுத்துக் கிடந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் டுவேனின் முதுகு. அந்த நேரம் ஒரு பெரியவர் டிராக்டரில் வந்து நின்றார், பெயர் கூசெரா, அந்த வயல் அவருடையது. வண்டி எண்ணெல்லாம் அயோவாவா இருக்கே, சோளம் திருட வந்தீங்களா என்றார். எங்க பன்னிங்க இன்னும் உங்க சோளத்தைத் திங்கற அளவுக்குக் காஞ்சு போகலய்யா என்றார் டுவேன். பெரியவர் சிரிக்கவில்லை. வேனுக்குள் எட்டி என்னைப் பார்த்தார், இவருக்கு என்ன என்று கேட்டார். அம்மா சொன்னாள். பேஸ்பால் எனக்குப் பிடிக்காது, மாடு அசை போடற மாதிரி இருக்கும் என்றார் அவர், சொல்லிவிட்டு, என் பின்னாடியே வாங்க, சோயா மேல மட்டும் வண்டியை ஏத்திடாதீங்க என்றார். அவருடைய டிராக்டர் கொட்டகையில் சுவரளவு டிவி. கெர்டா போனிலிருந்து டிவிக்கு வயரை மாட்டினாள். என்னைக் கதவுப்பலகையோடு தூக்கிக்கொண்டு போய் வைக்கோல் கட்டுகளின்மேல் சாய்த்து வைத்தார்கள். திரையில் நீ பந்தெறியும் மேட்டின்மேல் நின்றுகொண்டிருந்தாய்.

முதல் சுற்றில் நீ தடுமாறினாய், இரண்டாவதில் அந்தப் பெரிய ஆள் உன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தான், அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், பத்திரிகையிலும் அவ்வளவுதான் போட்டார்கள். பத்திரிகை போடாததை நான் பார்த்தேன். அவன் அடித்துவிட்டு மெதுவாக ஓடி வந்தபோது நீ தலையைக் குனியவில்லை. புதுப் பந்தைக் கேட்டு வாங்கினாய். உள்ளங்கையை இடது தொடையில் ஒரு தடவை துடைத்தாய். அப்புறம் அடுத்த ஆளுக்கும் அதே விதமாக, அடி வாங்கிய அதே விதமாகவே, மறுபடியும் எறிந்தாய், அவன் காற்றைத்தான் அடித்தான். கூசெரா அதுவரை சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அட, இந்தப் பயலுக்கு நெஞ்சுல தில்லு இருக்குய்யா என்றார். சின்ன லீக்கில் நீ ஆடியதை எத்தனையோ சாயங்காலம் ரேடியோவில் கேட்டிருக்கிறேன், எல்லாம் கேட்டிருக்கிறேன், அந்தக் கை துடைப்பதை மட்டும் எந்த ரேடியோக்காரனும் எனக்குச் சொன்னதில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, வெர்லின், பார்த்தீங்களா என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. முரட்டுப் பன்றி உள்ளே நிற்கும்போது கொட்டில் கதவைத் திறப்பதற்கு முன் நான் செய்வது அந்தக் கை துடைப்பு. உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை, செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது, முன்பு ஒரு தடவை அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஐந்தாவது சுற்றில் உன்னை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், நீ நிமிர்ந்து நடந்து போனாய். கொட்டகையில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், எழுந்திருக்க முடியாதவன் நான் ஒருவன்தான், நானும் தட்டினேன். இனி உன்னை மேலே கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி, நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

தோளுக்குப் பனிக்கட்டி வைக்க மறக்காதே, பஸ்ஸில் தூங்கும்போது கழுத்துக்கு ஏதாவது கொடுத்துக்கொள். கூசெராவுக்கு ஒரு பந்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, பேஸ்பால் பிடிக்காதவர் என்பதால் கட்டாயம் அனுப்பு. அம்மா போன் பண்ணினால் எடு, பேச ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா மூச்சு விடு, அவளுக்கு அது போதும். கடவுள் உன் கையையும் மனதையும் காப்பாற்றட்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா வெர்லின் ஸ்கோவ்

அண்ணா, இது நான் எழுதுவது. கடைசிப் பத்தியைச் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன் அப்பா உள்ளங்கையைத் தொடையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார். கெர்டா.