திருப்பிப் பார்த்த சட்டம்

சிட்னி

அன்புள்ள பவித்ராவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இந்நாட்டின் துப்பாக்கிச் சட்டம் காலப்போக்கில் தளர்ந்ததா என்ற பல்கலைக்கழக விவாதத்தில் நேற்று வென்றேன். "சட்டம் அப்படியே இருக்கிறது" என்று வாதிட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். நம் கல்யாணப் புடவையை விரித்ததும், "பளபளப்பு இருக்கட்டும்ங்க, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க" என்று கடைக்காரரைத் திணறடித்தாயே! அவ்வாறே நானும் பின்னால் வந்த திருத்தங்களைப் புரட்டினேன். இரண்டாவது துப்பாக்கி வாங்குவோருக்கான கட்டாயக் காத்திருப்புக் காலத்தைச் சில மாநிலங்கள் தளர்த்தியிருந்தன. அதைக் காட்டியதும் அவரே ஒப்புக்கொண்டார்.

தளர்ந்ததை மீட்கக் கோரி, வெள்ளியன்று சட்டமன்றக் குழுவின் முன் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்! கோட்டுப் பொத்தான்தான் அறுந்துவிட்டது. தைப்பது எப்படி என்று, உன் முகமும் தெரியும்படி வீடியோ அனுப்பு. ஆரணிக்காரனுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பதை எதிர்த்தரப்பு அறியலாகாது.

அவசரத்தில்,
பார்த்திபன்