உன் அப்பா போட்ட திட்டம்

பொகவந்தலாவை,
12.11.2003

அன்புள்ள மகள் ஜெரோமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், புத்திதான் சுகமில்லை. நீ அந்தக் குவைத்தில் சுகமாயிருக்க வேண்டித் தினமும் செபமாலை சொல்கிறேன். தையில் ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், அதற்கு முன் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

தோட்டத்தில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, அதிலும் கொழுந்து குறைந்தால் வேலை பார்க்கிற கண்டாக்கு அரைப் பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தோடு அனுப்பிவிடுகிறார். இந்த லட்சணத்தில் போன மாசம் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து, கஷ்ட காலத்துக்கு எப்படித் திட்டம் போடுவது என்று கைப்பிள்ளைகளை விடுகிற பிள்ளை மடுவத்தில் கூட்டம் வைத்தாள். குதிகால் செருப்பு சேற்றில் புதைந்து இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். கடையில் சாப்பிடுவதைக் குறையுங்கள் என்றாள். நாங்கள் கடைசியாகக் கடையில் சாப்பிட்டது உன்னை ஏஜென்சிக்குக் கூட்டிப்போன அன்று, ஒரு வடையை மூன்றாகப் பிய்த்து. மூன்று மாசச் சம்பளத்தை எடுத்து வையுங்கள் என்றாள். பக்கத்து லயத்து நாகலெட்சுமி என் காதில், "இந்த மாசத்து சம்பளத்தையே நான் இன்னும் கண்ணால பாக்கல, இவ மூணு மாசத்துக்குப் போயிட்டா" என்றாள். பிறகு உங்கள் வீட்டுத் திட்டம் என்ன என்று அந்த மிஸ் கேட்டாள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஒரு நாளும் நேரத்துக்கு எழும்பாத உன் அப்பா முதல் ஆளாக எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, "எங்களுக்கு என்னங்க மிஸ், எம் மக குவைத்துல இருக்கா" என்றார். கூட்டமே கைதட்டியது, அவளும் தட்டினாள். மனுஷன் மாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கொதி எண்ணெய் பட்டுக் கை வெந்ததை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு இவர் கேட்ட முதல் கேள்வி, "சம்பளத்துல வெட்டுவாங்களோ?" உன் அண்ணன் ரொஷான் அதற்கு மேல். உன் காசில் ஆட்டோ எடுக்கப் போவதாகச் சொல்லி, அதன் கண்ணாடியில் என்ன பெயர் எழுதுவது என்பது வரைக்கும் முடிவு பண்ணி வைத்திருக்கிறான். தூ! நீ புண்ணுக்கு மருந்து போடு, தண்ணீரில் வைக்காதே.

நானும் ஒரு திட்டம் போட்டேன். இந்த வருஷம் இயேசு பிறப்பு நத்தாருக்குத் தோட்டம் தரும் முற்பணம் வேண்டாமென்று ஆபீசில் சொல்லிவிட்டேன், ஒரே நாளில் கேக்கும் சாராயமுமாகத் தீர்த்துவிட்டு மாசக்கணக்கில் சம்பளத்தில் வெட்டு வாங்குகிற பெருமை எனக்கு வேண்டாம். நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் லீக்சும் கோவாவுமாக மரக்கறி போட்டிருக்கிறேன். காசு என் கையில் இருப்பதால் உன் அப்பா சாராயத்தை மோந்து பார்த்தே இரண்டு வாரமாகிறது. நம்ம ஆட்டோ முதலாளி ரொஷான் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றப் போகிறார். மழையில் நனைந்து வந்து முனகுகிறார், முனகட்டும்.

கையெழுத்துப் போடாதே பிள்ளை. இங்கே கஞ்சிதான் கிடைக்கும், சில நாள் அதுவும் தண்ணியாக இருக்கும், பொய் சொல்லமாட்டேன். அப்பா வேறு மாதிரி எழுதினால் அடுப்பில் போடு. மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பெட்டி நிறையச் சாமான் சேர்க்கலாம் என்று நாளைக் கடத்தாதே, வெறுங்கையோடு வா. ஹட்டன் ஸ்டேசனுக்கு நான் மட்டும் வருவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
இராசம்மா