பெட்டி மேல் உன் கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறி வந்து என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். திட்டியதற்குக் காரணம் உண்டு, அவள் ஃபோனில் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். நம் கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளை எடுக்க வாரம் ஒரு தடவைதான் வண்டி வரும், அதுவும் தனித் தொட்டியில் மூடி வைத்தால்தான் எடுப்பார்கள். தொட்டி இடத்தை அடைக்கிறதே என்று, பெரிய கெட்டிக்காரனாக, தினமும் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டுக் குப்பையோடு சேர்த்துவிடுவேன். போன வாரம் நீ எனக்குச் செருப்பு அனுப்பிய அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே காய்கறித் தோலைக் கொட்டி, பையில் கட்டி வைத்தேன். குப்பை எடுக்க வருவாளே, நீ அக்கா என்று கூப்பிடுவாயே, அவள் தூக்கியபோது ஈரத்தில் நைந்த அட்டை கிழிந்து, கண்ணாடி அவள் கட்டைவிரல் அடியில் ஆழமாக வெட்டிவிட்டது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பெட்டியோடு வாசலுக்கு வந்து, சார், இது உங்க வீட்டுதுதானே, உங்க பேரு போட்டிருக்கே என்றாள். எங்களுது இல்லம்மா, வெறும் பெட்டியை யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க என்றேன். இத்தனை வருஷம் வியாபாரம் பேசிய வாய், தடுமாறவே இல்லை. பின்னால் வந்த அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, இது நம்ம பொண்ணு எழுத்துங்க என்றாள். அதற்குப் பிறகு இருவருமே என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ஏழு தையல், விரல் முழுசாக மடங்குமா என்பது ஆறு வாரம் போனால்தான் தெரியுமாம். அதுவரை அவள் வீட்டுச் செலவு என்னுடையது, பெருமைக்கு எழுதவில்லை. வழியில், நான்தான் போட்டேன், மன்னிச்சுக்கம்மா என்றேன். அவள், உங்க பொண்ணு இங்க இருந்தப்போ உடைஞ்ச டம்ளரைக்கூடப் பேப்பர்ல சுத்தி, கண்ணாடின்னு எழுதி என் கையில குடுக்கும் சார், அந்த நம்பிக்கையிலதான் உங்க வீட்டு மூட்டையை மட்டும் தட்டிப் பார்க்காமத் தூக்குவேன் என்றாள். நீ சேர்த்து வைத்த நல்ல பெயரையா நான் இத்தனை நாள் செலவழித்தேன் என்று இருந்தது. கடையில் தொட்டி வைத்தாயிற்று. வீட்டுக் குப்பையை இப்போது நானே வாசலில் நின்று கையில் கொடுக்கிறேன். அவளுக்குப் பதிலாக அவள் தங்கை வருகிறாள். தினமும் என் எதிரிலேயே இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறாள்.

செருப்பு அளவு சரி. அந்த அக்காவுக்கு ஒரு ஃபோன் செய், மறக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நன்றாக இருங்கள்.

உன் அப்பா