எதியோப்பியாவுக்கு மூன்று சொல்

பெப்ரவரி 8, ஞாயிறு

மகள் பள்ளியில் எதியோப்பியாவின் மக்கள், நிலம், பொருளாதாரம் பற்றிப் பேச வேண்டுமாம். மத்தியானம் சாப்பிட வந்த என் அண்ணை, "பஞ்சம், வறட்சி, சண்டை எண்டு எழுது, காணும்" என்றார். அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்தது, என்னோடு வேலை செய்யும் அல்மாஸ் தன் நாடான எதியோப்பியாவிலிருந்து கொண்டுவந்து தந்த கோப்பி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்களைப் பற்றியும் சண்டை எண்டு மட்டும் எழுதினால் சும்மா இருப்பியளோ?" என்று கத்தினேன். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

"அல்மாஸ் அன்ரி எந்த ஊர், அம்மா?" என்று மகள் கேட்டாள்.

எந்தத் தமிழரைக் கண்டாலும் நான் முதலில் ஊரைத்தான் கேட்பேன். ஆறு வருடமாகப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் அல்மாஸிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த வாய்தான் அண்ணையைப் பார்த்துக் கத்தியது.