நீ தூக்கிப் போன கஞ்சி, நான் வாங்கிய பேர்

முதல் நோன்பன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது பள்ளிவாசல் பின்கட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வாசனை வந்தது. பூண்டும் வெந்தயமும் புதினாவும் கலந்த அதே வாசனை. நீ கண்ணை மூடி மௌத்தான பிறகு வரும் முதல் ரமலான் இது. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பட்டுக்கடையை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். ஆனால் ரமலான் வந்தால் நீ அரை நாள் பார்ட்னர். போளூரிலிருந்து கல்யாண வீட்டார் வேன் நிறைய வந்து உட்கார்ந்திருந்தாலும், பாங்கு கேட்டதும் விரித்த புடவையை அப்படியே விட்டு எழுந்துவிடுவாய். தொழுதுவிட்டு, தூக்கு நிறையக் கஞ்சியோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வியாபாரத்த உட்டுட்டு எங்கடா ஓடற?" என்று கத்துவேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே சிரிப்பாய். "நீ பாத்துகினு இரு. கபுர் குழிலயும் கடை போடப் போறவன் நீதான!"

அந்தக் கேலி எனக்குப் பிடிக்காது. கடையை நான் ஒருத்தனாக இழுக்கிறேன், இவன் ஊரில் நல்ல பேர் வாங்கித் திரிகிறான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சேவூரிலிருந்து ஒரு நெசவாளி முதல் முறையாக நம் கடைக்குப் புடவை கொண்டுவந்தார். வெளியூர் வியாபாரிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "போன வருஷம் எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்தப்போ வாய்ல எதுவும் எறங்கலைங்க. உங்க கஞ்சியத்தான் குடிச்சா. கொண்டாந்த பாய்கிட்ட யாரு குடுக்கறதுன்னு கேட்டேன். 'நான் சும்மா தூக்கினு வர்றவன், எங்க பார்ட்னரு குடுத்தனுப்பறாரு, அவருக்காக வேண்டிக்கோங்க'ன்னு கடை பேரச் சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணுங்க."

அடப்பாவி! நல்ல பேரையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டா போனாய்? நான் ஒரு கரண்டிக் கஞ்சிகூடக் கொடுத்தனுப்பவில்லையே. 'நான் இல்லீங்க' என்று நாக்கு நுனிவரை வந்தது. வியாபாரிகள் இருவரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். "அதெல்லாம் நம்ம கடமைங்க" என்று சொல்லிவிட்டேன். நோன்பு வைத்த வாயால் சொன்ன பொய்டா அது.

உனக்கு அதில் நஷ்டமில்லை. மேலே இருந்து கூலி கொடுக்கிறவன் ஆள் மாற்றிக் கொடுக்க மாட்டான். மானம் போனது எனக்குத்தான், அதுவும் என் முன்னாலேயே.

மறுநாள் அஸர் முடிந்ததும் நானே தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். வார்டில் எல்லாருக்கும் ஊற்றினேன். "யாரு குடுத்தனுப்பினது பாய்?" என்று ஓர் அம்மா கேட்டார். உன் பேரைச் சொன்னேன், உனக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னேன். மனசு கொஞ்சம் லேசானது.

திரும்பி வரும்போது கடைத்தெருவில் நம் ஜமாஅத் ஆட்கள் எதிரே வந்தார்கள். பக்கவாட்டில் தொங்கிய காலித் தூக்கை என் கை தானாகவே முன்னால் கொண்டுவந்தது. அவர்கள் கண்ணில் படட்டும் என்று. அவர்களோ ஏதோ பேசிக்கொண்டே போய்விட்டார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆமாம்டா, ஏமாற்றம்!

தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் பார்க்கவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளாத ஒரு நாளை எனக்குக் கொடு என்று அல்லாஹ்விடம் கேட்கக் கை ஏந்துகிறேன். அதைக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.