கட்டிலடியில் எடுத்த படங்கள்

4 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நலமா? அண்ணி நலமா? போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். காகிதத்தில் "லைன் சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட முடியாதல்லவா!

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுச் சாவியை ஏப்ரல் கடைசியில் வீட்டுக்காரரிடம் திருப்பித் தரவேண்டும். அதுவரை ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை முடிந்ததும் தினமும் கேமராவோடு அங்கே போய்விடுகிறேன். சனிக்கிழமை நூலகத்தில் புகைப்பட வகுப்பு என்று சொன்னேனே, போன வாரம் அங்கே என் படங்களை மேசையில் பரப்பினேன். டீச்சர் பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாப் படமும் முட்டிக்குக் கீழயே இருக்கு? நாற்காலிக் கால், கதவிடுக்கு, செருப்பு... நிமிரவே மாட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அத்தனையும் கட்டிலடியில் படுத்து எடுத்தவை. ஏழு வயதில் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து ஒளிந்த அதே இடம்.

நான்கு படங்களை இதோடு வைத்திருக்கிறேன். மே மாதம் நூலகச் சுவரில் மாட்டப்போகிறார்கள். அதற்கு முன் நீ ஒரே ஒரு வரி எழுதவேண்டும்: "ஆமாம், நடந்தது." அம்மாவும் இல்லை. அந்த வீட்டில் நீயும் நானும்தான் மிச்சம். நீயும் இல்லையென்று சொன்னால் எனக்குப் பைத்தியம் என்றுதானே அர்த்தம்?

உன் தங்கை

15 மார்ச்

சுண்டெலிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். லிப்ட் ரிப்பேரில் மூச்சுவிட நேரமில்லை. நேற்று பதினொன்றாம் மாடிக்காரர் ஒருவர், நானே வந்து லிப்டை நிறுத்திவைத்தது மாதிரி என்னைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்.

படங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எதற்கு இந்த வேண்டாத வேலை? அப்பா கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதான். எந்த வீட்டில் பிள்ளைகளுக்கு அடி விழவில்லை? செத்துப்போனவரைச் சுவரில் மாட்டி என்ன சாதிக்கப்போகிறாய்? சின்ன வயதிலிருந்தே நீ ஒன்றை ஒன்பதாக்குகிறவள்.

அப்படி எடுத்தே தீருவேன் என்றால் சரியாகவாவது எடு. கட்டிலடி, கட்டிலடி என்கிறாய். உனக்குக் கை முறிந்த அன்று நீ அங்கேயா இருந்தாய்? அழுக்குத்துணிக் கூடைக்குப் பின்னால் அல்லவா இருந்தாய்!

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

22 மார்ச்

அண்ணா,

படியில் விழுந்து கை முறிந்தது என்றுதான் டாக்டரிடம் சொன்னார்கள். இத்தனை வருஷமாக நீயும் அதையேதான் சாதித்தாய். படியில் விழுந்தவளுக்குக் கூடைக்குப் பின்னால் என்ன வேலை?

அன்றைக்குத்தான் முதல் தடவையாக இடத்தை மாற்றினேன். அந்தப் புது இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா கட்டிலடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை, நேராகக் கூடைக்கு வந்தார். யார் சொன்னது?

சுற்றி வளைக்காமல் எழுது.

தங்கை

19 ஏப்ரல்

சுண்டெலி,

ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்தான்.

அலமாரியோரம் நின்றபடி நீ கூடைக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன். அப்பா என் முன்னால் வந்து நின்று, "அவ எங்கடா? சொல்லலன்னா உனக்கு விழும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கூடைப் பக்கம் கையைக் காட்டினேன். எனக்குப் பத்து வயது. அப்புறம் நீ அலறியது கேட்டது.

பதினேழு வயதில் வீட்டைவிட்டு ஓடியது அப்பாவைப் பார்க்கப் பிடிக்காமல் என்றுதான் நீ நினைத்திருப்பாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடினேன். நடக்கவில்லை, நடக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பாதி நாள் நானே நம்பிவிட்டேன்.

ஆமாம், நடந்தது. எல்லாமே நடந்தது. என்னை மன்னித்துவிடம்மா. படங்களை மாட்டும் அன்றைக்கு நான் வரட்டுமா?

அண்ணன்

30 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

இன்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் நீ அன்றைக்கு நின்ற இடத்துக்குப் போனேன். பத்து வயதுப் பையனின் கண் உயரத்துக்குக் கேமராவை வைத்து, அப்பாவின் சட்டையை எதிரே தொங்கவிட்டு ஒரு படம் எடுத்தேன். படம் முழுக்கச் சட்டைதான். கதவு தெரியவில்லை, ஜன்னல் தெரியவில்லை. ஐயோ, அந்தப் பிள்ளை எங்கே போயிருப்பான்! அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மடியில் போட்டுக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். அந்தப் படத்தையும் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போன வருஷம் நான் போனில் அழுதபோது, "நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத, நல்ல டாக்டரா பாரு" என்று சொன்னவனுக்குப் பத்து வயது இல்லையே அண்ணா. நான் போய்ப் பார்த்தேன். உண்மையில் நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்று நம்புவதற்காக எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன். இரண்டுமே இப்போது வேண்டாம்.

முதல் நாள் வராதே. படங்கள் பத்து நாள் இருக்கும். நூலகத்தைக் காலை ஒன்பதுக்குத் திறப்பார்கள். எனக்கு இரண்டு மணி வரை ஷிப்ட், அதன் பிறகுதான் அங்கே வருவேன். அவசரமில்லாமல் எல்லாவற்றையும் பார்.

இரண்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிடு.

தங்கை